பாக்காத மாதிரி பாருங்க

என் வீட்டுக்காரர் ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டே ஒரு முடிவு எடுத்தார். வாயெல்லாம் நுரை, எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை வாய் கொப்பளித்துவிட்டு வந்து சொன்னார். இனிமேல் தெருவில் இருக்கிற மனுஷங்களைப் படம் எடுக்கப் போகிறாராம். அவர்களுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டுமாம். தெரிந்துவிட்டால் முகம் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுமாம்.

அவருக்குப் போட்டோ ஸ்டுடியோவில் வேலை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவர். வருகிறவர்களை எல்லாம் சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க என்று சொல்லிச் சொல்லி இவரே சிரிக்க மறந்துட்டார் என்று முன்பெல்லாம் கேலி செய்வேன். இப்போது செய்வதில்லை. போன வருஷம் எங்கள் மூத்த பெண் காய்ச்சலில் போய்விட்டாள். அன்றைக்குப் பீரோ மேலே ஏறிய அவருடைய சொந்தக் கேமரா அப்புறம் இறங்கவே இல்லை. அவரும் வீட்டில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. என்னிடம் பேசினால் என் தோளுக்குப் பின்னால் இருக்கிற சுவரிடம்தான் பேசுவார். அந்தச் சுவரில் ஒரே ஒரு ஆணி, வேறொன்றும் இல்லை. சாப்பாடு போதுமா என்று நான் கேட்பேன். போதும் என்று ஆணிக்குப் பதில் சொல்வார்.

அதனால் அவர் கேமராவை இறக்கித் தூசி தட்டியதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

போன வேகத்திலேயே திரும்பி வந்தார். அடுப்பில் வைத்தது கொதிக்கக்கூட இல்லை. முனையில் செருப்புத் தைக்கிறவர், என் பொழைப்பு உனக்கு வேடிக்கையா என்று கேட்டாராம். டீக்கடைக்காரர், பாலில் தண்ணீர் கலப்பதைப் படம் பிடிக்க வந்த ஆள் என்று நினைத்து விரட்டினாராம். துணி தேய்க்கிற அக்கா ஒன்றும் சொல்லவில்லையாம். இஸ்திரிப் பெட்டியை மட்டும் கையில் தூக்கிக் காட்டினாராம்.

"தெருவுக்கு என்னைப் புடிக்கல," என்று ஆணியிடம் சொல்லிவிட்டுக் கேமராவைப் பீரோ மேலே வைத்தார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்தத் தடவை அது மேலே போனால் அதோடு இவரும் போய்விடுவார் என்று தோன்றியது.

நான் ரொம்பக் கூச்சப்படுகிறவள். கடைக்காரர் தப்பான சாமானைக் கொடுத்தால், மாற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு அதையே வைத்துச் சமைக்கிறவள். அப்படிப்பட்ட நான் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்புத் தைக்கிறவர் முன்னால் போய் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அங்கே கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவளைப் பற்றிச் சொன்னேன். கேமராவைப் பற்றிச் சொன்னேன். "நாளைக்கு அவர் வருவாரு. பாக்காத மாதிரி பாருங்கண்ணே," என்றேன். அவர் ரொம்ப நேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகம் எந்தப் பக்கம் இருந்தால் நல்லது என்று கேட்டார்.

டீக்கடையிலும் சொன்னேன். அந்த அக்காவிடமும் சொன்னேன்.

மறுநாள் நான் கெஞ்சிக் கூத்தாடி அவரை அனுப்பி வைத்தேன். திரும்பி வந்தவர் தரையில் நடக்கவில்லை. மனசால் அவர்களோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் ரகசியம் என்றார். தான் மூச்சு விடுவதும் அவர்கள் மூச்சு விடுவதும் ஒன்றாகிவிடுமாம். அப்புறம் தான் அங்கே நிற்பதே அவர்களுக்குத் தெரியாதாம். நான் தலையாட்டினேன்.

படங்களைக் காட்டினார். செருப்புத் தைக்கிறவர் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். டீக்கடைக்காரர் மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் பால் பொங்குவதைப் பார்த்துக் கண் கலங்கி நின்றார். அக்கா விசேஷத்துக்குக் கட்டுகிற சேலையோடு துணி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உழைக்கிறவங்க முகத்துல தானா ஒரு களை வரும்," என்றார் இவர். நான் அதற்கும் தலையாட்டினேன்.

அப்புறம் அவரே எழுந்து போய் அலமாரியிலிருந்து பெரியவள் படங்களை எடுத்து வந்தார். இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. தண்ணீரில் கையை அளைகிறாள். ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கிறாள். குனிந்து செருப்பு மாட்டுகிறாள். அப்பாவைப் பாக்காதே கண்ணு, நீ பாட்டுக்கு இரு என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சொல்லி எடுத்தவை. அவள் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. ஒரு படத்தில்கூட எங்களைப் பார்க்கவில்லை. எதை மாட்டுவது என்று தெரியாமல்தான் அந்த ஆணி இன்னும் சும்மா இருக்கிறது.

அடுத்த லீவு நாளில் என் செருப்பு அறுந்துபோனது. எல்லோருமாகப் போனோம். அவர் தோளில் கேமரா தொங்கியது. எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே செருப்புத் தைக்கிறவர் கையால் தலையை வாரிக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா தங்கச்சி, இன்னைக்கு நான் எந்தப் பக்கம் பாக்காம இருக்கணும்?"

இவர் அப்படியே நின்றார். எதிரே டீக்கடையைப் பார்த்தார். டீக்கடைக்காரர் உள்ளே ஓடிச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லாருமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

"டீக்கடைக்காரர் கண்ணு கலங்கினது?"

"அது நான் சொல்லிக்குடுக்கலைங்க. நம்ம பெரியவளைப் பத்திச் சொன்னேன். அவரா கலங்கினாரு."

"கோவிச்சுக்காதீங்க தம்பி," என்றார் செருப்புத் தைக்கிறவர். "நீங்க ஒரு கண்ணை மூடிக்கிட்டு நின்னப்ப, நாங்க எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தோம்."

இவர் அங்கே கிடந்த பலகையில் உட்கார்ந்தார். அழுதார். மகளைக் கொண்டுபோன அன்றைக்குக்கூட அழாத மனுஷன், தெரு முனையில் அறுந்த செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். ஒருத்தரும் வேறு பக்கம் திரும்பவில்லை.

முகத்தை மறைக்கக் கேமராவைத் தூக்கினார். அதற்குள் என் இடுப்பிலிருந்து சின்னவள் எட்டிப் பார்த்தாள். பழக்க தோஷம், "அப்பாவைப் பாக்கா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"பாரு கண்ணு," என்றார். "அப்பாவையே பாரு."

அந்தப் படத்தை மாட்ட, பழைய ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்தார். பழையது சும்மாதான் இருக்கிறது. இருக்கட்டும்.

இப்போது என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார். நேற்றுச் சாப்பிடும்போதும் பார்த்தார். "உன் வேலையெல்லாம் இந்தத் தெருவோட சரி. நாளைக்கு நான் பின்தெருவுக்குப் போறேன். அங்க உன்னை ஒருத்தருக்கும் தெரியாது. பாக்கலாம்," என்றார்.

சரிங்க என்றேன். பின்தெருவுக்கு நான் முந்தாநாளே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.