முட்டிச் சத்தமும் முப்பத்தேழு மான்களும்

ஒரு காட்டில் சத்தம் போடத் தடை இருந்தது. பாட்டு போடக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். காரில் வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டே போனதால், பலகை தங்களுக்கானது என்று மிருகங்கள் புரிந்துகொண்டு அடக்கமாக இருந்தன.

அங்கே உக்கிரன் என்றொரு கிழட்டுப் புலி இருந்தது. பின்னங்கால் முட்டி தேய்ந்துபோனதால் நடக்கும்போது நாலு அடிக்கு ஒரு தரம் 'டொக்' என்று சத்தம் வரும். அந்த டொக்கைக் கேட்டதும் மான்கள் பறந்துவிடும். உக்கிரன் சாப்பிட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. புலியின் மிச்சத்தைத் தின்று பிழைக்கும் சுருளி என்ற நரிக்கும் அதே ஒன்பது நாள்.

மலை விளிம்பில், சூரியன் மறைவதைப் பார்க்கத் தோதாக ஒரு புல்மேடு உண்டு. ஒருநாள் மாலை அங்கே இளைஞர் கூட்டம் ஒன்று வந்தது. தடை இருக்கிறதே என்று ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் ஆடியது. உக்கிரன் டொக் டொக்கென்று பத்தடி தூரம் வரை நடந்துபோயும் ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் ஒருவன் செல்ஃபி எடுக்கப் போய்ப் பின்னால் நின்ற புலியைப் பார்த்தான். நாற்பது ஹெட்போனையும், லேப்டாப்பையும், வெயிலில் சார்ஜ் ஏற்றும் தகட்டையும் போட்டுவிட்டு எல்லோரும் ஓடிவிட்டார்கள்.

"அண்ணே, கவனிச்சீங்களா? முட்டி அந்த அடி அடிச்சும் ஒருத்தர் காதுலயும் விழல" என்றது சுருளி.

"அதுக்கு?"

"உங்க முட்டியைச் சரி பண்ண முடியாது. மானுங்க காதை அடைக்கலாம்ல?"

அப்படித்தான் உக்கிரன் பாட்டுகளை ஒன்றோடொன்று கலந்து மிக்ஸ் போட ஆரம்பித்தது. புலி எப்படி லேப்டாப்பை இயக்கும் என்று கேட்பவர்கள், நரி பேசியபோதே கேட்டிருக்க வேண்டும்.

ஆறு நாள் உட்கார்ந்து 'புல்மேடு அந்தி மிக்ஸ்' என்று ஒன்றை முடித்தது. ஐம்பது நிமிடம். முதலில் மெல்லிய காற்றொலி. பிறகு பீட் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். சூரியன் மலையைத் தொடும் நேரத்தில் எல்லாம் சட்டென்று நின்று, நாலு நொடி கழித்து மொத்தமாக இடி மாதிரி விழும். காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிய வேண்டுமே என்று, உக்கிரன் தன் முட்டிச் சத்தத்தையே பதிவுசெய்து நாலு அடிக்கு ஒரு டொக்காக உள்ளே சேர்த்துவிட்டது. தப்பித்தவறி நிஜ டொக் காதில் விழுந்தாலும் மான்கள் அதைப் பாட்டு என்றே நினைத்துக்கொள்ளும் அல்லவா?

சுருளி ஹெட்போன்களை மான்களிடம் கொண்டுபோனது.

"யார் போட்டது?" என்று கேட்டார் மந்தைத் தலைவர் கிளைக்கொம்பர்.

"ஒரு கலைஞர். பேர் வெளிய தெரிய வேண்டாம்னுட்டார்."

அந்த அடக்கத்துக்காகவே முப்பத்தேழு மான்களும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டன.

மாலை வந்தது. உக்கிரன் புதரிலிருந்து கிளம்பி, கிளைக்கொம்பருக்குப் பின்னால் வந்து பாதத்தை ஓங்கியது. சூரியன் மலையைத் தொட்டது. பாட்டு நின்றது. பிறகு விழுந்தது. முப்பத்தேழு மான்களும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே நேரத்தில் துள்ளின. கிளைக்கொம்பர் தேம்பித் தேம்பி அழுதார்.

உக்கிரனைப் பார்த்து ஓடாத மான்களை உக்கிரன் அதுவரை பார்த்ததில்லை. அதற்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓங்கிய பாதத்தை இறக்கிக்கொண்டு புதருக்குத் திரும்பியது.

"என்னண்ணே, வெறுங்கையோட வர்றீங்க?"

"முப்பத்தேழு பேர் கேக்குறாங்கடா. ஒண்ணைத் தின்னா முப்பத்தாறு ஆயிடும்."

பசி வந்திடப் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். ரசிகர் எண்ணிக்கை என்று பதினொன்றாவதாக ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது. உக்கிரன் அடுத்து பனிமூட்ட மிக்ஸ் போட்டது. அருவி மிக்ஸும் போட்டது. அதைக் கேட்ட மான்கள், அருவி பாட்டுக்குச் சற்றுப் பிந்தி விழுகிறது என்று அருவியைக் குறை சொல்லின. புலி பசித்தாலும் புல் தின்னாது. இந்தப் புலி மானையும் தின்னவில்லை. நடுவில் இரண்டு எலியும் ஒரு செத்த மீனும் கிடைத்ததில் உயிர் ஓடியது. மூன்றாம் வாரம் அதனால் எழுந்து நிற்க முடியவில்லை. எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

சுருளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, ரசிகரைத் தின்னக் கூடாது. சரி. பாதியில கழட்டிட்டுப் போறவர் ரசிகரா?"

உக்கிரன் ஒரு பகல் முழுக்க யோசித்தது. பிறகு எழுந்து நின்றது.

அன்று மாலை புல்மேட்டில் பழைய அந்தி மிக்ஸ்தான் ஓடியது. செம்பி என்ற இளம் மான் நடுவில் ஹெட்போனைக் கழற்றிப் புல்லில் வைத்தது. மேகம் சிவந்திருந்தது. கீழே ஓடைச் சத்தம். எங்கோ ஒரு குயில். இதெல்லாம் இங்கேயே இருந்ததா என்று செம்பி ஆச்சரியப்பட்டது.

டொக்.

கழற்றிய பிறகும் காதில் பாட்டு நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டது. நாலு அடி கழித்து இன்னொரு டொக். செம்பி தாளத்துக்குத் தலையாட்டியபடியே திரும்பிப் பார்த்தது. ஒரு தாவு தூரத்தில் புலி.

"அந்த டொக்கு... நீங்களா?"

"என் முட்டி."

"எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதாங்க."

உக்கிரனின் கண் கலங்கியது. "அப்புறம் ஏன் கழட்டினே?"

"சூரியன் விழுறதைச் சும்மா பாக்கலாமேன்னு."

"எத்தனாவது நிமிஷம்?"

"முப்பத்தொண்ணுங்க."

"அங்க கொஞ்சம் இழுக்குதுன்னு எனக்கும் பட்டுது" என்று ஒப்புக்கொண்டு, உக்கிரன் செம்பியைத் தின்றது. மற்ற முப்பத்தாறும் கண்ணை மூடித் துள்ளிக்கொண்டிருந்தன.

செய்தி தெரிந்ததும் மந்தை அழுதது. "நல்ல பிள்ளை. பொறுமைதான் பத்தாது" என்றார் கிளைக்கொம்பர். முப்பத்தொன்றாம் நிமிடம் வெட்டப்பட்டு, செம்பிக்கு அர்ப்பணம் என்ற அறிவிப்போடு மிக்ஸ் மறுபடி வந்தது. இப்போது கச்சிதமாக இருப்பதாக எல்லா மான்களும் சொல்லின. அதன்பின் ஒரு மானும் பாதியில் கழற்றவில்லை.

பன்னிரண்டு நாள் போயிற்று. உக்கிரனுக்கு மறுபடி பசித்தது. முப்பத்தாறு பேரும் முழுசாகக் கேட்கிறார்களே, என்ன செய்வது என்று சுருளியிடம் கேட்டது.

"ஒண்ணும் இல்லண்ணே. அடுத்த மிக்ஸை நாலு மணி நேரமாப் போடுங்க."

நீதி: அந்தி நாளைக்கும் வரும், மிக்ஸை முழுசாகக் கேள்.