சின்னவளுக்குப் போட்ட நாற்காலி

என் கூடப் பிறந்த ஒரே துணையான அக்காவுக்கு,

தங்கை வணங்கி எழுதுவது. இங்கே இறைவன் அருளால் எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் முழங்கைக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லியிருந்தேனே, தேய்க்கிறாயா? நிற்க.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், கொழுந்தன், அவன் மனைவி சின்னவள், என் மகள், நான். ஆக ஏழு பேர். மாமியார் காதுக்கருவியைக் கழற்றி வைத்திருந்ததால் அவரை அரை ஆளாக எடுத்துக்கொண்டால் ஆறரை. இதை ஏன் இவ்வளவு திட்டமாக எழுதுகிறேன் என்றால், நாளைக்கு யாரும் “நான் அங்க இல்லவே இல்லையே” என்று நழுவக் கூடாது.

ரசத்துக்கு முன்பே மாமா சட்டைப் பையிலிருந்து இரண்டு கடைப் பில்களை எடுத்தார். கருவூலத்தில் முப்பத்தாறு வருடம் ஊரார் கணக்கில் பிழை கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர், அவருக்கு ஊசி குத்திய தாளைக் கண்டால் பசி எடுக்காது. ஒன்று என் பில். மற்றது, எனக்கு முட்டி வீங்கி இரண்டு வாரம் படுத்திருந்தேனே, அப்போது எனக்குப் பதிலாகச் சின்னவள் போய் வாங்கி வந்த பில். அதே அரிசி, அதே பருப்பு, அதே சோப்பு. “மூத்தவளே, நீ நல்லவதான். ஆனா சின்னவ உன்னைவிட மூணுல ஒரு பங்கு குறைச்சு வாங்கியிருக்கா. அடுத்த மாசச் சாமானை ஆளுக்குப் பாதியா வாங்குங்க. யார் பில்லு குறையுதோ, அவகிட்ட சாமான் அறைச் சாவி” என்றார். அக்கா, அந்தச் சாவி இருபத்திரண்டு வருடமாக என் இடுப்பில் இருக்கிறது. தாலியைக்கூடக் குளிக்கும்போது சோப்பு படாமல் ஒதுக்கி வைப்பேன், இதை ஒதுக்கியதில்லை. நான் இவரைப் பார்த்தேன். இவர் தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். எனக்காக இவர் வாய் திறக்க வேண்டிய நேரத்தில் எல்லாம் இவருக்குத் தட்டில் ஏதாவது தொலைந்துவிடும்.

நான் எப்படி வாங்குகிறவள் என்று உனக்குத் தெரியும். எட்டாவதோடு படிப்பு நின்றாலும், வட்டி, தள்ளுபடி, சதவீதம் எல்லாம் நானாகப் பழைய பாடப்புத்தகம் வாங்கிக் கற்றுக்கொண்டேன். செய்தித்தாளில், சோப்பு அட்டையில், வாசலில் வீசிப் போகும் துண்டுத் தாளில் கூப்பன் எங்கே வந்தாலும் கத்தரித்து என் பிரார்த்தனைப் புத்தகத்தில் வைப்பேன். வேறெங்கும் வைத்தால் தொலைந்துவிடும், அதை மட்டும்தான் வீட்டில் யாரும் திறப்பதில்லை. பாவம் கழுவும் பக்கத்தில் சலவைத்தூள், அன்றாட உணவுக்கு நன்றி சொல்லும் பக்கத்தில் அரிசி பருப்பு, நோய் தீரும் பக்கத்தில் கொசுவத்தி. காலையில் மனமுருகிப் படித்துக்கொண்டே வரும்போது “இன்று மட்டும், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்” என்று கண்ணில் படும். உடனே நன்றியில் குரல் தழுதழுக்கும். சாமி கும்பிடும்போது சிரிக்கிற ஒரே பெண்பிள்ளை நான்தான் என்று இவர் சொல்வார். சொல்லட்டும். அப்படித்தான் அக்கா பதினொரு குப்பி தரை துடைக்கும் திரவம் வந்து சேர்ந்தது. வீட்டில் இருப்பதோ நான்கு அறைத் தரை. நான் துடைக்கிற துடைப்பில் மாமியார் இரண்டு முறை வழுக்கினார், மூன்றாம் முறை சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கப் பழகிவிட்டார். விலை கொடுத்து வாங்கியதை அடுக்கி வைத்து அழகு பார்க்கவா முடியும்?

இந்தச் சின்னவள் ஒரு துண்டுத் தாளைக் கத்தரித்தவள் இல்லை. ஆடி அசைந்து கடைக்குப் போவாள், கைப்பேசியை நீட்டுவாள், அது ‘டிங்’ என்று ஒரு சத்தம் போடும், பில் குறைந்துவிடும். அந்த ‘டிங்’ எனக்குக் காதில் விழாது அக்கா, நேரே அடிவயிற்றில் விழும். அதோடு போனதா? கடையில் அவளுக்குத் தங்க அட்டை கொடுத்திருக்கிறார்கள். தங்க அட்டைக்குத் தனி வரிசை. அந்த வரிசையில் ஒரு நாற்காலி. மெத்தை வைத்த சிவப்பு நாற்காலி. சாமானைப் பில் போட்டு முடிக்கும்வரை அவள் அதில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். நான் வீங்கிய முட்டியோடு பக்கத்து வரிசையில் பதினாறு கூப்பனை விசிறிபோலப் பிடித்துக்கொண்டு நிற்பேன், என் பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். “அக்கா, கால் வலிக்குதா, நீங்க வேணா உக்காருங்க” என்று அவள் எழுந்துகொள்வாள். அவள் உட்கார்ந்ததைவிட எழுந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொறாமைதான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அன்றன்று செய்த பாவங்களை எழுதி வருகிறேன், தெரியும் அல்லவா. கோபம், கோள், பொறாமை என்று மூன்று பத்தி. முன்பெல்லாம் பொறாமைப் பத்தி காலியாகவே கிடக்கும். இந்த மூன்று மாதத்தில் அது நிரம்பிக் கோபத்தின் இடத்தையும் பிடித்துக்கொண்டது.

போட்டி நாள் வந்தது. எண்ணெய் டின் பாதி விலை, ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று கடையில் அறிவிப்பு. எண்ணெய் என் பட்டியலிலும் இருந்தது, அவள் பட்டியலிலும் இருந்தது. மாமா எதிலும் ஒழுங்கு பார்ப்பவர், ஆளுக்கு ஒன்று என்று பிரித்திருந்தார். இரண்டு வண்டி எதற்கு என்று எங்கள் இருவரையும் கொழுந்தன் ஒரே வண்டியில் ஏற்றினான். நடுவராக மாமாவும் முன்னிருக்கையில் ஏறினார். கடை வாசலில் இறங்கியதும் சின்னவள் என் காதருகே வந்து, “அக்கா, உள்ள போனதும் நீங்க யாரோ, நான் யாரோ. அப்பதான் ரெண்டு டின்னு கிடைக்கும்” என்றாள். பொய் சொல்ல மாட்டேன் என்றேன். “பொய் யார் சொல்லச் சொன்னா, பேசாம நின்னா போதும்” என்றாள். பேசாமல் நிற்பது பாவப் பத்தி மூன்றிலும் வராது என்று எனக்குத் தோன்றியது. ஒத்துக்கொண்டேன்.

அன்றைக்கென்று தங்க வரிசையின் இயந்திரம் பழுது. எல்லாரும் ஒரே வரிசை. அவள் முன்னால், நான் பின்னால், என் பின்னால் எங்கள் எதிர்வீட்டுப் பல் மருத்துவர் மனைவி. சின்னவளின் டின் தாண்டிப் போயிற்று. என் டின்னை எடுத்த பில் போடும் பெண் முகவரி கேட்டாள், சொன்னேன். “இப்பப் போன அம்மாவும் இதே கதவு எண்தானே சொன்னாங்க. அவங்க யாரு, தெரியுமா?” என்றாள். பேசாமல் நிற்கத்தான் நினைத்தேன் அக்கா. ஆனால் அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பல் மருத்துவர் மனைவி கழுத்தை நீட்டினாள், என் வாய் தானாகவே, “எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டது. ஒன்பது வருடம் ஒரே பானைச் சோறு. சின்னவள் திரும்பி என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினாள், புதியவர்களைப் பார்த்து ஆட்டுவதுபோல. அந்த நேரம் பார்த்து, ஓய்ந்து கிடந்த சிவப்பு நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்த மாமா, கடை முழுக்கக் கேட்கும்படி, “மூத்தவளே, என் கண்ணாடி சின்னவ பையில இருக்கு, வாங்கிக் குடு” என்றார்.

மேலாளர் வந்தார். நல்ல மனிதர்தான், சத்தம் போடவில்லை, அதனால் அவமானம் அதிகமாக இருந்தது. ஒரு குடும்பம் என்றால் ஒரு டின், யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவருக்குத்தான் என்றார். எனக்கு உயிர் வந்தது. ஏழு வருடமாக ஒவ்வொரு முறையும் பில் போடும்போது எண் கேட்பார்கள், நான் மந்திரம்போல இவருடைய கைப்பேசி எண்ணைச் சொல்வேன். வாங்கியதற்குக் கடை தரும் சலுகைப் புள்ளி சேர்ந்திருக்கிறது, பில்லில் கழிக்கட்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம், சேரட்டும் என்பேன். மகளுக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கும் அளவுக்குச் சேரட்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வைத்திருந்த புள்ளி. மேலாளரிடம் அந்த எண்ணைத் தலை நிமிர்ந்து சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். “இது இந்த அம்மாவோட தங்க அட்டை நம்பர்” என்றார்.

அக்கா, மூன்று வருடத்துக்கு முன் இவருக்கு அலுவலகத்தில் புது எண் கொடுத்தார்கள். பழைய எண்ணைத் தூக்கிப் போட இருந்தார். வீணாக்காதீர்கள், தம்பிக்குக் கொடுங்கள் என்று சொன்னது யார் என்று கேள். நான்தான். கொழுந்தன் அதைத் தன் மனைவிக்குக் கொடுத்துவிட்டான். நானோ மனப்பாடம் செய்ததை மாற்றத் தெரியாமல் அதே எண்ணை ஒப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நான் அரிசி வாங்க அவளுக்கு ‘டிங்’. நான் பருப்பு வாங்க அவளுக்கு ‘டிங்’. அந்தப் பதினொரு குப்பிக்கும் ‘டிங்’. அவளைத் தங்கமாக்கியது நான். அந்த நாற்காலிக்கு மெத்தை தைத்தது நான். இதில் கேள், என் கல்யாண நாளுக்கு அவள் ஒரு தேய்ப்புப் பெட்டி பரிசு கொடுத்தாள். அதைப் புள்ளியில் வாங்கினாளாம். என் பொருளை எனக்கே கொடுத்து, என்னிடமே நன்றியும் வாங்கிக்கொண்டாள். நான் வேறு கண் கலங்கி அவளைக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் அதே மேசை, அதே ஏழு பேர், இம்முறை மாமியார் கருவியை மாட்டிக்கொண்டார். நான் கேட்டேன். சின்னவள் சொன்னாள்: “எனக்கு எப்படிக்கா தெரியும்? அஞ்சு கிலோ பருப்பு வாங்கினதுக்கு நன்றின்னு மெசேஜ் வரும். வாங்கினாத்தானே நன்றி, வாங்காததுக்கும் சொல்றாங்களே, நல்ல கடைன்னு நினைச்சேன்.” மூன்று வருடமாக அப்படி நினைத்தாளாம். என் மகள் சிரித்துவிட்டு எழுந்து போனாள். இவருக்குத் தட்டில் தேட ஒன்றும் இல்லாததால் மேசைத் துணியில் தேடினார். மாமா மட்டும் கருவூலத்துக்காரராகவே பேசினார்: “புள்ளி யாருதுங்கறது வேற. அதைக் கழிச்சு வாங்கற புத்தி யாருக்கு இருந்ததுங்கறது வேற.” சாவியை மேசை நடுவில் வைக்கச் சொன்னார். முடிவு அடுத்த வாரப் புதன்கிழமை. வைத்துவிட்டேன் அக்கா. இடுப்பு இலேசாகி நடையே கோணலாகிவிட்டது.

ஆகவே நீ ஓர் உதவி செய்ய வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து நம் வீட்டுச் சாமான் அறை என் பொறுப்பில்தான் இருந்தது, ஒரு நாளும் உப்பு தீர்ந்ததில்லை, இப்போது இந்த வீட்டுச் சாவியை என்னிடமிருந்து பிடுங்குவது உயிரைப் பிடுங்குவதற்குச் சமம் என்று மாமாவுக்கு நீயாக நினைத்து எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுத வேண்டும். நீ என்ன எழுத வேண்டும் என்பதை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் உன்னுடையதாக இருந்தால் போதும். சின்னவளைப் பற்றி அதில் நல்லதாகவே எழுதியிருக்கிறேன், ‘அனுபவம் போதாதவள்’ என்று மட்டும் மூன்று இடத்தில் வரும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறாண்டு நோயின்றி வாழட்டும். உன் வீட்டு அடுப்பும் உலையும் குறையின்றி இருக்கட்டும்.

உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை தேடும்போது சின்னவள் வந்தாள். சாவியை மேசையிலிருந்து எடுத்து வந்து என் கையில் வைத்தாள். “எனக்கு எதுக்குக்கா இது, அந்த அறையில எலி இருக்கு. மாமாகிட்ட சொல்லிட்டேன்” என்றாள். பிறகு கைப்பேசியைக் காட்டி ஒரு கணக்குச் சொன்னாள். நான் எண்ணை மாற்றினால் அவள் வெள்ளிக்கு இறங்கிவிடுவாள், நான் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இருவரும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தால் மாதக் கடைசிக்குள் வைர அட்டை. வைரத்துக்கு இரண்டு நாற்காலி. நானும் நோட்டில் பெருக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. தையல் இயந்திரமும் அதிலேயே வந்துவிடும். எவ்வளவு நல்ல பெண் அக்கா அவள். மேலே அவளைப் பற்றி எழுதிய வரிகளைப் படிக்காமல் தாண்டிவிடு. நாலு தாளை வீணாக்க மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன். மாமாவுக்கு ஒன்றும் எழுதாதே. நான் எழுதி வைத்த அந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது, எனக்குப் பதில் எழுத அதையே வைத்துக்கொள்.

வைரத்துக்கு இன்னும் கொஞ்சம் புள்ளி குறைகிறது. அந்தக் கடைக்கு உங்கள் ஊரிலும் கிளை இருக்கிறதாமே. இனிமேல் நீ எது வாங்கினாலும் எங்கள் எண்ணைச் சொல். தனித்தாளில் பெரிதாக எழுதியிருக்கிறேன், அத்தானுக்கும் மனப்பாடம் செய்து வை. எதிர்வீட்டுப் பல் மருத்துவர் மனைவி போன மாதமே வைரமாம். அன்றைக்கு வரிசையில் என் பின்னால் நின்றாளே, ஒரு வார்த்தை சொன்னாளா பார். சின்னவள் பெயரில் இருந்த பொறாமைக் கணக்கைக் கோடு போட்டு மூடிவிட்டேன், பல் மருத்துவர் மனைவி பெயருக்குப் புதுப் பக்கம் திறந்திருக்கிறேன்.

எண் மனப்பாடம் ஆயிற்றா என்று சீக்கிரம் பதில் எழுது.