லம்பாட் சிகிட், போஸ்

படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டி எடுத்த மறுநாளே படகுக்குள் தண்ணீர் ஏறியது.

"ஓட்டைய அந்தச் சிப்பிதான் அடைச்சிக்கிட்டு இருந்திருக்கு, பாய்," என்றார் மணியம், கொஞ்சமும் கூச்சப்படாமல். உலு திராமில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர் அவர். கூச்சப்பட்டிருந்தால் முப்பது வருடம் தொழில் ஓடியிருக்காது.

ஜெகபர் சாதிக் தலையில் கை வைத்துக்கொண்டார். கோங் கோங் படகுத்துறையில் அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. ஆற்று முகத்துவாரத்தில் கேலோங் என்று வேறொருவருடைய மிதக்கும் மீன் பண்ணை. அங்கே வேலை செய்கிற இருபத்திரண்டு பேருக்கும் மத்தியானச் சோறு தினமும் பதினோரு மணிக்கு அவருடைய பழைய மோட்டார் படகில்தான் போய்ச் சேரும். போன வாரம் பண்ணை மேலாளர் ஹாசான் போனில் ஒரு வரி அனுப்பியிருந்தார்: 'நாசி செஜுக். லம்பாட் சிகிட், போஸ்.'

சோறு ஆறிப்போச்சு. கொஞ்சம் லேட்டு. ஜொகூரில் பிறந்தவனுக்கு இந்த மலாய்க்கெல்லாம் அகராதி வேண்டியதில்லை.

"ஒரு போன் போட்டு என்னன்னு கேளுங்களேன்," என்று அன்றைக்கே சொன்னாள் மனைவி ஆரிஃபா.

"கஸ்டமர் கம்ப்ளெயின் பண்றான். இதுல கேக்க என்ன இருக்கு? மாசக் கடைசியில ஆர்டரப் புதுப்பிக்கணும். மாசாய் டவுன்ல ஒருத்தன் புது ஸ்பீட்போட்டோட காத்துக்கிட்டு இருக்கான். கேலோங் போச்சுன்னா பாதிக் கடை போச்சு."

"அப்பச் சீக்கிரமா கெளம்புங்க."

"பத்தரைக்குத்தானே கொளம்பே எறங்குது? போட்டுதான் வேகமாப் போகணும்."

அப்படித்தான் மணியம் வந்து சேர்ந்தார். ஓட்டையை அடைத்துவிட்டு எஞ்சினை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"எஞ்சின் ரொம்பத் தாழ இருக்கு, பாய். ரெண்டு இஞ்சு தூக்கிருவோம். தண்ணி பிடிச்சி இழுக்காது."

தூக்கினார்கள். அடுத்த நாள் அலைக்கு அலை விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து காற்றைக் கடைந்தது. சத்தம் சிங்கப்பூர் வரைக்கும் கேட்டிருக்கும். படகு மட்டும் நின்ற இடத்திலேயே யோசித்துக்கொண்டு நின்றது.

"அப்ப ஒரு இஞ்சு எறக்குவோம். கிப்பாஸ் பெருசா போடுவோம்," என்றார் மணியம். கிப்பாஸ் என்றால் அந்த விசிறிதான்.

பெரிய கிப்பாஸைச் சுற்ற இருபது வயது எஞ்சினுக்குத் தெம்பில்லை. அரை மணி நேரப் பயணம் முக்கால் மணி நேரம் ஆனது.

"அப்ப சின்னதா போடுவோம். கூடவே வெயிட்டக் கொறைக்கணும்."

பலகை இருக்கை போனது. கூரைத்துணி போனது. துடுப்பு போனது. கடைசியில் ஜெகபர், சோற்றைச் சூடாக வைத்திருக்கும் கனத்த இரும்புப் பெட்டியைத் தூக்கினார்.

"அந்தப் பெட்டி இல்லாட்டி சோறு ஆறிருமே," என்றாள் ஆரிஃபா.

"வேகமாப் போனா பெட்டி எதுக்கு? பையில போட்டாப் போதும்."

"வெயிட்டு கொறையணும்னா நீங்க எறங்கிக்குங்க. தொண்ணூத்தாறு கிலோ சுளையா கொறையும்."

ஜெகபருக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் காலையில் ரொட்டி சானாய் பக்கமே திரும்பவில்லை.

ஆனால் பலன் இருந்தது. நான்காம் நாள் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. அரை மணி நேரம் பதினெட்டு நிமிடமாக ஆனது. ஜெகபர் தனியாகவே சிரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். பண்ணை மேடையில் ஆள் இல்லை. கொஞ்ச நாளாகவே அவர் போகும்போது ஒருவரும் கண்ணில் படுவதில்லை. தூரத்துக் கூண்டுகளில் தலைகள் மட்டும் தெரியும். கோபத்தில் முகம் கொடுக்காமல் இருக்கிறார்கள் என்று அவருக்கு உள்ளூர வருத்தம். பைகளைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கடைக் கூட்டத்தைக் கவனிக்கத் திரும்பினார்.

மத்தியானம் போன் சிணுங்கியது. 'செஜுக். லம்பாட் லா, போஸ்.'

"பதினெட்டு நிமிசத்துல போயிருக்கேன், இன்னும் லம்பாட்டாம். இந்தத் தடவ அழுத்தி 'லா' வேற போட்டுட்டான்," என்றார் ஜெகபர்.

"இப்பவாவது கேளுங்க," என்றாள் ஆரிஃபா. அவர் மணியத்தைக் கூப்பிட்டார்.

மாதக் கடைசி நாள். இன்றைக்கு முடிவு சொல்வதாக ஹாசான் எழுதியிருந்தார். மணியம் புது பிளக் மாட்டி, கார்புரேட்டரைத் திருகி, "இனிமே ராக்கெட்டு, பாய்," என்று தட்டிக்கொடுத்தார். ஆரிஃபா இரும்புப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"வெயிட்டு," என்றார் ஜெகபர்.

"பெட்டி ஏறலன்னா சோறும் ஏறாது."

பெட்டி ஏறியது. படகு ராக்கெட் மாதிரித்தான் கிளம்பியது. நடு ஆற்றில் எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. எத்தனை இழுத்தும் எழவில்லை. துடுப்பைத் தேடினார். அது வீட்டில், வெயிட்டு குறைந்த சந்தோஷத்தில், சுவரில் சாய்ந்திருந்தது. ஒரு பலகையைப் பெயர்த்து வலிக்க ஆரம்பித்தார். நீரோட்டம் எதிர்ப்பக்கம். உள்ளங்கை கொப்பளித்தது. யா அல்லாஹ், இரண்டு வருட ஆர்டர் இன்றோடு போச்சு என்று கண் கலங்கியது.

கேலோங்கைத் தொட்டபோது மணி ஒன்று. இன்றைக்குப் பார்த்து இருபத்திரண்டு பேரும் மேடையில் வரிசையாக நின்றார்கள். ஹாசான் முன்னால் நின்றார். ஜெகபர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கயிற்றைக் கட்டினார்.

பெட்டியைத் திறந்தார்கள். ஆவி பறந்தது. யாரும் திட்டவில்லை, ஆளுக்கொரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஹாசான் முதல் வாய் சாப்பிட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னும் ஒரு வருசத்துக்கு நீங்கதான்னு சொல்லிட்டாரு," என்றான் கூண்டு வேலை பார்க்கும் காளிதாஸ், பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே.

"காளிதாஸு, மன்னிச்சிக்கப்பா. எஞ்சின் செத்துப்போச்சு. ரெண்டு மணி நேரம் லேட்டு. இதுக்கா ஆர்டர் குடுக்கிறாரு?"

"பின்ன? எங்க சாப்பாட்டு நேரத்த ஒரு மணிக்கு மாத்துனதுலேருந்து லம்பாட்டா வாங்க, லம்பாட்டா வாங்கன்னு மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்கோம். இன்னிக்குத்தான், பாய், சொன்ன பேச்சு கேட்டீங்க."