தாய் மரத்தில் தனிக்குடித்தனம்

ஒரு காட்டில் பைன் மரங்களும் நாவல் மரங்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. அந்தக் காட்டுக்கும் ஒரு நாள் ஒரு திட்டம் வந்தது. ஆண்டுக்குக் கொஞ்சம் மரம் வெட்டுவது, வெட்டிய இடத்தில் வெயில் விழுந்து கன்று முளைப்பது, காடும் தீராமல் மரமும் தீராமல் காலம் தள்ளுவது. நல்ல திட்டம்தான். குற்றம் சொல்ல நான் யார்?

வெட்ட வேண்டிய மரத்துக்குச் சிவப்பு வளையம். விதைக்காக விட்டுவைக்கும் தாய் மரத்துக்கு வெள்ளை வளையம்.

தேனம்மா என்ற மலை அணில் மூன்று குட்டிகளோடு குடியிருந்த நாவல் மரத்தில் சிவப்பு விழுந்தது. மலை அணில்கள் தரையில் கால் வைக்க மாட்டார்கள். சந்தைக்குப் போனாலும் சம்பந்தி வீட்டுக்குப் போனாலும் கிளைவிட்டுக் கிளை தாவித்தான் போவார்கள். தேனம்மாவும் அப்படியே தாவிவந்து, வன அலுவலகத்து ஜன்னலோரப் பைன் கிளையில் தொங்கினாள்.

“ஐயா, பச்சப் புள்ளைங்கள வெச்சுக்கிட்டு எங்க போவேன்? என் மரத்த மட்டும் விட்டுடுங்க.”

அலுவலர் கரடி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “படிவம் ஏழு, மூணு பிரதி. மரத்தோட போட்டோ, உங்க போட்டோ. ரெண்டும் ஒரே சைஸ்ல இருக்கணும்மா.”

தேனம்மா பதினோரு நாள் அலைந்தாள். இந்த இடத்தில் கரடி லஞ்சம் கேட்பார் என்று நீங்கள் நினைத்தால், அது உங்கள் புத்தி. கரடி யோக்கியர். பன்னிரண்டாம் நாள் தாமே வந்து, சிவப்பைச் சுரண்டிவிட்டு வெள்ளை அடித்தார். தேனம்மாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலையிலிருந்து ரம்பச் சத்தம். மாலைக்குள் சுற்றியிருந்த இருபது மரங்களும் சாய்ந்துவிட்டன.

“ஐயா! என்னங்கய்யா இது?”

“தாய் மரமாச்சேம்மா! வெளிச்சமும் காத்தும் தாராளமா வேணாமா? திட்டத்துல நாப்பத்திரண்டாம் பக்கம் போட்டிருக்கு,” என்றார் கரடி கீழேயிருந்து. “பாருங்க, ராணியாட்டம் நிக்குது!”

தாவிப் பிடிக்க எந்தப் பக்கமும் ஒரு கிளை இல்லை. நாவல் பழுக்க இன்னும் நாலு மாதம். குட்டிகள் பசியில் கத்தின. மரத்தடியில் நிழல் நன்றாக இருக்கிறதென்று இரண்டு செந்நாய்கள் வந்து படுத்தன.

“ஐயா, எங்கள வேற மரத்துக்கு மாத்திவிடுங்க!”

“தாராளமா மாத்தலாம்மா. படிவம் ஒன்பது,” என்றார் கரடி அன்போடு. “ஆபீஸுக்கு நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்.”

நீதி: அதிகாரியிடம் நியாயம் கேட்கலாம், அது கிடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.