சக்கரம் வைத்த ஏசி வந்து சேர்ந்த விவரம்

அன்பு மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது. இங்கு நான் நலம், உங்கள் அத்தை நலம், தாங்கள் அனுப்பிய சக்கரம் வைத்த ஏசியும் நலம். அங்கு தாங்களும் எங்கள் மகளும் பாப்பாவும் அவ்வண்ணமே இருக்க விழைகிறேன்.

தாங்கள் செய்த உதவியை எப்படி மறப்பேன்! எங்களுடையது பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடு. "இந்த அடுப்புக்குள்ள இனிமே என்னால குடித்தனம் பண்ண முடியாது, நான் பொண்ணு வீட்டுக்கே போறேன்" என்று உங்கள் அத்தை கிளம்பிவிட்டாள். எனக்கோ இந்த வீட்டை விட்டு வரவும் மனசில்லை, அவள் இல்லாமல் இருக்கவும் தெரியாது. தவிச்சுக்கிட்டு இருந்தப்பதான் உங்க ஏசி வந்து இறங்கிச்சு.

அதுக்குப் பின்னால தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் இருக்கே, சூட்டை வெளியே தள்ற குழாய், அதை எங்கே விடறதுன்னு முழிச்சேன். ஜன்னல் பூரா கம்பி. சுவர்ல ஓட்டை போடக் கூடாதுன்னு குடியிருப்போர் சங்கத் தலைவர் ஒத்தைக்கால்ல நின்னார். சரின்னு சமையலறைப் பக்கம் நீட்டிட்டேன். படுக்கையறை ஜில்லுன்னு ஆச்சு. அத்தை கரண்டியோட வந்து நின்ன கோலத்தை எழுத மாட்டேன். குழாயைக் குளியலறை வென்டிலேட்டருக்கு மாத்திட்டு அப்பாடான்னு உக்கார்ந்தா, எங்க மாடி முழுக்க கரண்ட் போச்சு! "சார், இந்தக் கட்டடத்து ஒயர் இதைத் தாங்காது. இது ஓடணும்னா மத்த வீடுகள்ல எல்லாத்தையும் அணைக்கணும்"னு எலக்ட்ரீஷியன் கையை விரிச்சுட்டார். வெட்கத்தை விட்டு வீடு வீடாப் போய்க் கேட்டேன். "அணைக்கிறோம், ஆனா வேகுற வீட்டுல நாங்க எப்படி உக்கார்றது?"ன்னாங்க. நியாயம்தானே? "எங்க ரூமுக்கு வந்துடுங்க"ன்னுட்டேன்.

இப்போ மத்தியானம் ஆனா எதிர்வீட்டு டீச்சர் விடைத்தாளோட வர்றாங்க, பக்கத்து வீட்டு டெய்லர் துணியோட வர்றார், சங்கத் தலைவர் தலையணையோட வர்றார். இத்தனை வருஷம் படியில பார்த்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனவங்கதான் எல்லாரும். அத்தைக்குப் பேச்சுத்துணை கிடைச்ச சந்தோஷம், உங்க வீட்டுக்கு வர்ற பேச்சையே எடுக்கறதில்ல. எல்லாம் உங்க புண்ணியம், மாப்பிள்ளை. நல்லா இருங்க. பாப்பாவுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
நன்றி மறவாத மாமா

பி.கு.: எழுதி முடிச்சுட்டுக் கொஞ்சம் படுக்கலாம்னு போனேன். கட்டில்ல தலைவர் குறட்டை விடறார், கீழே கால் வைக்க இடமில்ல. "வெளியே போங்க"ன்னு சொல்ல எங்க ரெண்டு பேருக்கும் வாய் வரல. அதனால ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேருமே அங்க வந்துடறோம். சாவியை டீச்சர்கிட்ட கொடுத்தாச்சு, ஏசி இங்கேயே ஓடட்டும். எங்களுக்கு அங்க ஒரு மின்விசிறி போதும்.