நானும்வாறன் அண்ணையும் என் காரின் பிளக் ஓட்டையும்

உலகத்தில் எத்தனையோ மெக்கானிக்குகள் இருக்கலாம். திருத்திக் கொடுத்த பொருளோடு தானும் கிளம்பி வருகிறவர் நானறிய ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. "நானும்வாறன் அண்ணை" என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். பருத்தித்துறைக் கரையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது தொழில். கார், உழவு மெசின், தண்ணீர்ப் பம்ப் என்று எது அகப்பட்டாலும் விடமாட்டார். வேலை முடிந்ததும் கையைத் துடைப்பார், சட்டையை மாட்டுவார், குடையையும் சோற்றுப் பார்சலையும் தூக்குவார். "முதல் ஓட்டம். நானும் வாறன்" என்பார். அதற்குமேல் பேச்சுக் கிடையாது.

புத்தூரில் ஒரு பம்பைத் திருத்திவிட்டு, வெங்காயத் தோட்டம் முழுக்க நனையும்வரை வரப்பிலேயே குந்தியிருந்தார். கொடிகாமம் சந்தைக்குப் போன உழவு மெசினில் கத்தரிக்காய் மூட்டைமேல் ஏறிப் போனார். ஒரு கலியாணக் காரைத் திருத்தியதில், மாப்பிள்ளைக்கும் தோழனுக்கும் நடுவில் கிறீஸ் கையோடு இருந்து கோயில் வரை போய்விட்டார். அந்த வீட்டு அல்பத்தில் முதல் படத்தில் தெளிவாக விழுந்திருப்பவர் அவர்தான். மரை கழண்ட மனிசன் என்று ஊர் சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன், என் காரின் மரை கழலும்வரை.

எங்கள் பக்கத்தில் தன்னை மெக்கானிக் இல்லை என்று நினைக்கிற ஆண்பிள்ளை கிடையாது. யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஆட்கள் நாங்கள். சின்னப் போத்தலால் நாலு துளி பெற்றோலைச் சொட்டவிட்டு எஞ்சினை எழுப்பிய கை இது. அந்தத் துணிச்சலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சினில் பெற்றோலுக்குப் பொறி கொடுக்கிற பிளக்கை நானே மாற்றப் போனேன்.

பிளக் கோணலாக இறங்கியது எனக்குத் தெரியவில்லை. முட்டியது. இறுகுகிறது என்று நினைத்து முழுப்பலத்தையும் கொடுத்தேன். திடீரென்று பிளக்கை இறுக்குகிற சாவி சும்மா சுற்றியது. கழற்றிப் பார்த்தால் பிளக்கில் அலுமினியத் துகள் மினுங்கியது. ஓட்டைக்குள் பிளக்கைப் பிடிக்கும் மரை இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

விடிந்தால் என் மனைவி வசந்தி யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அவளுடைய சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தி எட்டு மாதம். திங்களும் வியாழனும் மெசினில் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மூச்சு வாங்கும். கரவெட்டியிலிருந்து ஓட்டோவில் ஒருமுறை போய் வந்ததில், குலுக்கலில் வாந்தி எடுத்து இரண்டு நாள் எழும்பவில்லை.

"உங்களை ஆர் அதிலை கை வைக்கச் சொன்னது?" என்றாள் வசந்தி. அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பருத்தித்துறைக்கு ஆளனுப்பினேன்.

அண்ணை வந்து ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"ஆர் இறுக்கினது?"

"நான்தான் அண்ணை."

"கையாலையோ, கோவத்தாலையோ?"

ஓட்டையைக் கொஞ்சம் பெருப்பித்து, புது மரை வெட்டி, அதற்குள் உருக்குக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி இறக்கினால் பிளக் அதில் பிடித்துக்கொள்ளும். சொல்வதற்கு ஒரு வரி. அவருக்கு நாலு மணித்தியாலம் எடுத்தது. மரை வெட்டும் கருவியில் கிறீஸ் பூசி, அரைச்சுற்று முன்னுக்கு, கால்சுற்று பின்னுக்கு. வெளியே எடுத்து, கிறீசில் ஒட்டிய துகளைத் துடைத்து, திரும்பவும் கிறீஸ். ஒரு துகள் உள்ளே விழுந்தாலும் எஞ்சின் ஆயுசுக்கும் இருமுமாம். நான் பெருமையாக மண்ணெண்ணெய்க் கதையைத் தொடங்கினேன். "கதையாதேங்கோ. சுற்றை எண்ணுறன்" என்றார்.

கடைசியில் பிளக்கை விரல் நுனியால் இறக்கி, சாவியால் ஒரு சின்னத் திருகல் திருகினார். எஞ்சின் எழும்பியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நாளைக்கு எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

வசந்திக்கு முகம் மாறியது. "அண்ணை, ஆஸ்பத்திரிக்கு நான் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போறேல்லை."

"தங்கச்சி, நான் உங்களோடை வரேல்லை. ஓட்டையோடை வாறன்."

திங்கள் விடிய ஐந்து மணிக்குக் குடையும் பார்சலுமாக எங்கள் வாசல் படலையில் நின்றார். முன் ஆசனத்தில் ஏறி, எஞ்சின் சத்தம் கேட்க வேண்டுமென்று முதல் வேலையாக ரேடியோவை நிறுத்தினார். நெல்லியடி தாண்டும்வரை ஒருவரையும் மூச்சுவிட அனுமதிக்கவில்லை. வல்லை வெளி வந்தது. வீடு வாசல் இல்லாத வெட்டவெளி, இரண்டு பக்கமும் காற்று. அண்ணை கண்ணை மூடி முன்னால் குனிந்துகொண்டார். கை இரண்டும் குடையை இறுக்கிப் பிடித்திருந்தன.

பின்னால் இருந்து வசந்தி கேட்டாள்: "ஏன் அண்ணை இப்பிடி எல்லாத்தோடையும் போறியள்?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "ஒருக்கா நான் போகேல்லைப் பிள்ளை. என்ரை தம்பி. அவன்ரை வள்ள எஞ்சினிலும் இதே பிளக் ஓட்டைதான். நான்தான் சுருள் போட்டனான். முதல் ஓட்டத்துக்கு வா அண்ணை எண்டு கேட்டவன். எனக்குப் பசி. நீ போயிட்டு வா எண்டிட்டன்."

வெளி முடிந்து முதல் வீடுகள் தெரியும்போதுதான் மிச்சத்தைச் சொன்னார்.

"வள்ளம் மட்டும் வந்தது."

ஆஸ்பத்திரி வாசலில் வசந்தி வழக்கம்போலப் பையை எடுத்து, "நீங்கள் காருக்கை இருங்கோ" என்றாள். எனக்கு இரத்தம் கண்டால் தலைசுற்றும். எட்டு மாதமாக அவள் உள்ளே போவாள், நான் மர நிழலில் பேப்பர் படிப்பேன். அண்ணை இறங்கினார். "வீட்டை திரும்பினால்தான் முதல் ஓட்டம் முடியும்" என்று அவள் பின்னாலேயே உள்ளே போய்விட்டார்.

உள்ளே நடந்ததை அவள் திரும்பி வரும்போது சொன்னாள். அண்ணை கட்டிலருகில் துணைக்கு வருகிறவருக்குப் போட்டிருந்த கதிரையில் இருந்துகொண்டு, இரத்தம் சுத்திகரிக்கும் மெசினில் காதை வைத்துக் கேட்டாராம். "சத்தம் நல்லாயிருக்கு. ஆர் இதுக்கு சேர்விஸ்?" என்று தாதியிடம் விசாரித்தாராம். சோற்றுப் பார்சலை மெசின் மேல் வைக்கப் போய் ஏச்சு வாங்கினாராம். சொல்லச் சொல்ல வசந்தி சிரித்தாள். எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் சிரிப்பைக் கேட்டேன்.

பிறகு மெல்லச் சொன்னாள்: "நேர்ஸ் பிள்ளை சொன்னவ, 'அன்ரி, இண்டைக்கு உங்கடை கதிரைக்கும் ஆள் வந்திட்டுது' எண்டு."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். வெட்கமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் ஒருக்காத்தான் போகாமல் விட்டவர். நான் எத்தனை தரம் விட்டேன் என்று எண்ணத் துணிவு வரவில்லை.

வீட்டில் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு அண்ணை குடையை எடுத்தார். "ஓட்டை நல்லாப் பிடிச்சிருக்கு. இனி நான் தேவையில்லை."

வியாழக்கிழமை அவர் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வசந்தி பையை எடுத்தாள். "நீங்கள் காருக்கை இருங்கோ."

நான் காரைப் பூட்டினேன். "நானும் வாறன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே ஊசி ஏற்றும்போது நான் மயங்கி விழுந்தது உண்மைதான். தாதி முதலில் எனக்குத்தான் தண்ணீர் தெளித்தாள். எழும்பி அந்தக் கதிரையில் இருந்தேன். வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதும் திங்களும் வியாழனும் அந்தக் கதிரை என்னுடையதுதான். வழியில் என்னைக் கண்டால் அண்ணை சைக்கிளை நிறுத்தி ஓட்டையைத்தான் முதலில் விசாரிப்பார். பிடித்திருக்கிறது என்பேன். அது போதும் அவருக்கு. என்னைப் பிடித்து அந்தக் கதிரையில் இருத்தியவர் அவர்தான் என்று ஒருநாள் சொல்ல வேண்டும்.