இரும்புச் சாமான் அலமாரி

அன்று காலை சிதம்பரத்துக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது ராஜமாணிக்கம் வழக்கம்போல வாசல் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

"அங்க தாலியே கட்டி முடிச்சிருவாங்க, வாங்க," என்று சிரித்தாள் மனைவி புஷ்பவள்ளி.

பந்தியில் உட்கார்ந்தவளுக்கு வாய் கோணியது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. மூன்று வாரத்தில் எழுந்து நடந்தாள். சொற்கள்தான் இடம் மாறிவிட்டன. சர்க்கரையை உப்பு என்றாள். மகன் அருண்குமாரைத் தன் தம்பி பெயரால் "மணவாளா" என்றாள்.

"மூளை வார்த்தைங்கள அலமாரி அலமாரியா வெச்சிருக்கு சார்," என்றாள் சிதம்பரத்தில் பேச்சுப் பயிற்சி தந்த வெண்மதி. "ஒண்ண எடுக்கப் போனா பக்கத்துல இருக்கறது கைக்கு வருது. உறவுக்கு உறவு, பண்டத்துக்குப் பண்டம்."

ராஜமாணிக்கத்தின் போட்டோவைக் காட்டினாள். "இது யாரும்மா?"

"பூட்டு," என்றாள் புஷ்பவள்ளி, தயங்காமல்.

வெண்மதி தாளில் தவறு என்று குறித்துக்கொண்டாள்.

கடலூர் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவருக்கு அதே நினைப்பு. மகன் தம்பியானான், பரவாயில்லை, மனிதன்தான். தன்னை மட்டும் இரும்புச் சாமான் அலமாரியில் தள்ளிவிட்டாளே.

ஒருவேளை வீடு திறந்து கிடப்பதாகப் பயப்படுகிறாளோ? வாசலுக்கு இன்னொரு பூட்டு வாங்கினார். மறுநாளும் அவரைப் பார்த்து, "பூட்டு." கொல்லைக் கதவுக்கும் பீரோவுக்கும் வாங்கினார். ஒன்றை அவள் கையிலேயே கொடுத்தார். அதை வீசி எறிந்துவிட்டு, அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"பூட்டு! பூட்டு!"

"இரு, பூட்டிடறேன்," என்று எல்லாக் கதவுகளையும் உள்பக்கமாகப் பூட்டினார். கடைசியில் எந்தச் சாவியும் எதற்கும் சேரவில்லை. அருண்குமார் வந்து உடைக்க வேண்டியதாயிற்று.

"அப்பா, இது வீடா, ஜெயிலா?"

"நான் யாருன்னு ஒருவாட்டி சொல்லிட்டாப் போதும்டா."

ஐப்பசியில் மறுபடியும் அடைப்பு வந்தது. அவள் சொல்லாமலே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள், வெளியே கிளம்பிய ராஜமாணிக்கம் வாசல் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். கூடையோடு நின்றிருந்த கீரைக்கார ராசம்மாள் சிரித்துவிட்டாள். உடனே முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"என்னம்மா?"

"கோச்சிக்காதீங்க சார். அம்மா உங்க பேரச் சொல்ல மாட்டாங்க இல்ல? இருவது வருசமா எங்கிட்ட உங்களுக்கு ஒரே பேருதான். 'பூட்டு வர்ற நேரமாச்சி, முருங்கக்கீர ஒரு கட்டு வெச்சிட்டுப் போடி, அதுக்கு அதுதான் உசுரு'ம்பாங்க."